ஏறும் முள், தாவும் முள்: கார் வெப்பமானி சொல்வது மெய்யா என்று கண்டறியும் வழி

வெள்ளிக்கிழமை மாலைகளில் பெங்களூரிலிருந்து ஊருக்குப் புறப்படும் கார்கள் ஓசூர் சாலையில் சில்க் போர்டு தொடங்கி அத்திப்பள்ளி வரை ஊர்ந்துகொண்டுதான் போகும். அந்த நெரிசலுக்கு நடுவே டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள், சூட்டைக் குறிக்கும் 'எச்' எழுத்தைத் தொட்டுவிட்டால் ஓட்டுகிறவருக்கு வியர்த்துவிடும். ஓரங்கட்டி பானட்டைத் திறக்கிறார். ஆவி இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வாடை இல்லை, கீழே ஒரு சொட்டுகூட இல்லை. சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முள் சமர்த்தாக நடுவில் நிற்கிறது. சூடானது எஞ்சினா, அல்லது முள்ளுக்குத்தான் பித்துப் பிடித்ததா?

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும், முடிந்தால் காரின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் போதும். இரண்டுமே எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். ஆனால் கருவிகளுக்கு முன்னால் ஒரு விதி: முள் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டும் உரிமை, எஞ்சின் உண்மையிலேயே சூடாகவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் நமக்கு வருகிறது. சென்சார் சில நூறு ரூபாய்ப் பொருள். அளவுக்கு மீறிச் சூடாகி சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும். ஆகவே ஓடும்போது முள் 'எச்'சுக்குப் போனால் முதலில் நம்புங்கள், ஏசியை அணையுங்கள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினையும் அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் மூடியைத் திறந்த கணமே கொதித்துப் பீறிடும். முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சந்தேகப்படுவதெல்லாம் எஞ்சின் ஆறிய பிறகு.

தண்ணீரிலிருந்து முள் வரை

முள்ளுக்கு வெப்பம் நேரடியாகத் தெரியாது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து சூடான கூலன்ட் வெளியேறும் இடத்தில், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் மூடி வைக்கும் வால்வு) பொருத்தப்பட்ட கூட்டுக்கு அருகில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிறு பொருள் செருகப்பட்டோ திருகப்பட்டோ இருக்கும். அதுதான் கூலன்ட் வெப்பநிலை சென்சார். அதன் முனை கூலன்டில் மூழ்கியிருக்கும். வெளிப்பக்கத்தில் கனெக்டரும் ஒயர்களும். அந்த ஒயர்கள் எஞ்சினை ஆளும் கணினிக்குப் போகின்றன. மெக்கானிக்குகள் அதை இசியூ என்பார்கள். இசியூ தான் அறிந்த வெப்பநிலையை இன்னொரு ஒயர்ச் சோடி வழியாக மீட்டர் போர்டுக்குச் சொல்கிறது. மீட்டர் போர்டுக்குள் இருக்கும் குட்டி மோட்டார் முள்ளைத் திருப்புகிறது.

ஆக, கூலன்ட், சென்சார், கனெக்டரும் ஒயரும், இசியூ, மீட்டர் போர்டு என்று செய்தி கைமாறிக் கைமாறி வருகிறது. பொய் எந்தக் கையிலும் நுழையலாம். "முள் சரியில்லை, சென்சாரை மாற்று" என்பது ஐந்து பேரில் ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பதுதான். யோகம் இருந்தால் சரியான ஆள் சிக்குவார்.

பழைய கார்களில் பாதை குறுக்கு வழி. இசியூ இருக்காது, சென்சாரிலிருந்து ஒரே ஒயர் நேராக வெப்பமானிக்குப் போகும். இடைக்காலக் கார்கள் சிலவற்றில் இசியூவுக்கு ஒன்று, முள்ளுக்கு ஒன்று என்று இரண்டு சென்சார்கள் இருக்கும். ரேடியேட்டர் விசிறியை இயக்க மூன்றாவதாக ஒரு சுவிட்சும் இருக்கலாம். இவை பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் ஒன்றைக் கழற்ற நினைத்து மற்றொன்றைக் கழற்றுவது பட்டறைகளில் வழக்கமாக நடப்பதுதான். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நடுவில் என்ன நடக்கிறது என்று ஸ்கேனர் இல்லாமல் தெரிந்துகொள்ள வழியில்லை. எனக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கவில்லை.

முள் இருக்கும் புதிய கார்களிலும் அது வெள்ளந்தி அல்ல. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி பல நிறுவனங்கள் வேண்டுமென்றே அமைத்திருக்கின்றன. சிக்னலில் நிற்கும்போது முள் சற்று ஏறுவதும், வண்டி ஓடினால் இறங்குவதும் இயல்பான விஷயம். ஆனால் அதைப் பார்த்துப் பயந்து வாடிக்கையாளர்கள் புகார் சொல்வார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. அதனால் அத்தகைய காரில் முள் நடுவைவிட்டு நகர்ந்துவிட்டது என்றால், விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள்.

வெப்பம் நடக்கும், மின்சாரம் தாவும்

பொய்யையும் மெய்யையும் பிரிக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி அங்கே போனது என்று பார்ப்பது. சிறிய காரில்கூட லிட்டர் கணக்கில் கூலன்டும் அதைச் சுற்றிப் பல கிலோ உலோகமும் இருக்கின்றன. கல்யாண வீட்டு அண்டாவைப் போல அது சட்டென்று கொதிப்பதும் இல்லை, இறக்கியவுடன் ஆறுவதும் இல்லை. 88 டிகிரியில் இருக்கும் எஞ்சின் ஒரே விநாடியில் 120 ஆகவோ, மறு விநாடியில் மீண்டும் 88 ஆகவோ முடியவே முடியாது. ஒயரில் ஓடும் மின்சாரத்துக்கு அந்தத் தடை இல்லை. தளர்ந்த ஒரு கனெக்டர் குழியில் சக்கரம் இறங்கும்போது விலகி, ஏறும்போது சேர்ந்தால் முள்ளும் கூடவே குதிக்கும்.

ஆகவே மெதுவாக ஏறிய முள்ளை நம்புங்கள். தாவிய முள்ளைச் சந்தேகியுங்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் நகர்ந்தால், இண்டிகேட்டரின் துடிப்புக்கு ஏற்ப முள்ளும் துடித்தால், அது நிச்சயம் வெப்பம் அல்ல. மீட்டர் போர்டுக்கோ எஞ்சினுக்கோ எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் தடித்த ஒயர்களின் நட்டுகளைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கினாலே பல வண்டிகளில் இந்த நோய் போய்விடும்.

இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. கூலன்ட் குறைந்துபோனால் சென்சாரின் முனை திரவத்தில் மூழ்காமல் காற்றிலோ ஆவியிலோ தொங்கும். அப்போது முள் ஒரு நிமிடம் கீழே விழுந்து, ஆவிக் குமிழி ஒன்று வந்து மோதியதும் மேலே தாவும். இன்னும் மோசமான நிலையில், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் குளிரைக் குறிக்கும் 'சி' பக்கம் நிதானமாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் எந்த மின் சோதனைக்கும் முன்னால் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில், வெளியே தெரியும் தொட்டியில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் திரவம் இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நிறைந்திருந்து ரேடியேட்டர் காலியாக இருப்பதும் உண்டு. கூலன்ட் அடிக்கடி குறைந்துகொண்டே போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கசிவைத் தேடுங்கள். சென்சார் உங்கள் பிரச்சினை அல்ல.

சென்சாருக்குள் என்ன இருக்கிறது

அதற்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு துண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 40 டிகிரியில் 1,200, 60 டிகிரியில் 600, 80 டிகிரியில் 320, 100 டிகிரியில் 190 ஓம் இருக்கும். வண்டிக்கு வண்டி எண்கள் மாறும். உங்கள் வண்டியின் பட்டறைக் கையேட்டில் இருப்பதே இறுதி. ஆனால் கவனிக்க வேண்டியது வளைவின் வடிவம்: குளிரில் சில டிகிரி மாறினாலே நூற்றுக்கணக்கான ஓம் மாறுகிறது, சூட்டில் 20 டிகிரி மாறினாலும் 130 ஓம்தான் மாறுகிறது.

இசியூ தன்னிடமிருக்கும் 5 வோல்ட்டை ஒரு நிலையான மின்தடை வழியாக இந்தச் சென்சாருக்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று அளக்கிறது. சென்சார் குளிர்ந்திருந்தால் வோல்ட் அதிகம், சூடானால் குறைவு. பெரும்பாலான வண்டிகளில் காலைக் குளிரில் 3 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் சூடானதும் 1 வோல்ட்டுக்கு அருகிலோ கீழேயோ இருக்கும். ஒயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட் முழுதும் அப்படியே நிற்கும். இசியூ அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசிச் சேர்ந்துவிட்டால் வோல்ட் பூஜ்யம். அதைக் கொடுஞ்சூடு என்று படிக்கும்.

இங்கேதான் துருப்பிடித்த கனெக்டர் செய்யும் நயவஞ்சகம் புரிகிறது. கனெக்டருக்குள் பச்சைப் பாசி படிந்து 130 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் 2,500 ஓமோடு 130 சேர்ந்தால் இசியூவுக்கு ஓரிரு டிகிரிதான் பிழை, யாருக்கும் தெரியாது. கூலன்ட் 100 டிகிரியைத் தொடும்போதோ 190 ஓம் என்பது 320 ஆகிவிடும். இசியூ "80 டிகிரிதானே" என்று நிம்மதியாக இருக்கும்; விசிறியைத் தாமதமாகச் சுழலவிடும். முள்ளும் அந்தப் பொய்யையே காட்டும். குளிர்ந்த வண்டியை வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பும் பட்டறைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். எஞ்சின் சூடாக இருக்கும்போதும் அளக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. கனெக்டருக்குள் ஈரம் புகுந்து இரண்டு முனைகளுக்கும் இடையே மின்சாரம் கசிந்தால் மொத்தத் தடை குறைந்து, குளிர்ந்த எஞ்சினே சூடாக இருப்பதாகத் தெரியும். காலையில் இசியூ பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும். செல்ஃப் பலமுறை அடித்தாலும் வண்டி பிடிக்காது. மழைக்கால விடியலில் மட்டும் மக்கர் செய்து, பத்து மணி வெயிலில் ஒழுங்காகிவிடும் கார்களில் இதைத் தேடிப் பார்க்கலாம்.

காலை நேரத்துச் சோதனை

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை ஸ்கேனரைக் கொண்டுதான். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் கார்களில் ஓபிடி 2 முறை கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். புளூடூத் வழியே கைபேசியோடு பேசும் சிறிய ஸ்கேனரே போதும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடிகாலையில், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும், எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெங்களூரின் டிசம்பர் காலையில் இரண்டும் 16, 17 டிகிரியை ஒட்டி இருக்கலாம். ஏப்ரலில் 22, 23. எண் எதுவாக இருந்தாலும் இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். காற்று 18 என்று சொல்ல, கூலன்ட் 45 என்று சொன்னால் செய்தி வரும் வழியில் கோளாறு இருக்கிறது.

கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் வேலை சுலபம். ஓபிடி முறையில் வெப்பநிலை 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக வரும். அதிலிருந்து 40 கழித்தால் டிகிரி. மைனஸ் 40 என்பது அந்தக் கணக்கின் அடிமட்டம். லடாக்கில்கூட அவ்வளவு குளிரில் யாரும் காரைத் தொடமாட்டார்கள். பெங்களூரில் அந்த எண் வந்தால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, கனெக்டர் கழன்றிருக்கிறது, அல்லது சென்சார் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது.

பிறகு எஞ்சினை இயக்கி எண் ஏறுவதைக் கவனியுங்கள். தாவாமல், நிற்காமல், சீராக ஏற வேண்டும். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரி அளவில் திறக்கும்போது எண் ஒன்றிரண்டு டிகிரி இறங்கி மீண்டும் ஏறலாம், அது இயல்பு. நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் பல கார்களில் 95 முதல் 100 டிகிரிக்குள் விசிறி சுழலத் தொடங்கி எண் இறங்கும். விசிறி சுழல்கிறது, எண் இறங்குகிறது, முள் மட்டும் 'எச்'சில் நிற்கிறது என்றால் சென்சாரை விட்டுவிடுங்கள். இசியூவுக்கு உண்மை தெரிகிறது. கோளாறு மீட்டர் போர்டில், அல்லது முள்ளுக்கென்று இருக்கும் தனிச் சென்சாரில்.

ஸ்கேனர் பிழைக் குறியீடுகளையும் சொல்லும். பி0117 என்றால் மின்னழுத்தம் மிகக் குறைவு, அதாவது உரசல். பி0118 என்றால் மிக அதிகம், அதாவது அறுந்த ஒயர். பி0119 வந்து வந்து போகும் கோளாறு. பி0116 என்றால் எண் நம்பும்படி இல்லை என்று இசியூ குறை சொல்கிறது. இவற்றில் ஒன்றுகூட "சென்சாரை மாற்று" என்று சொல்லவில்லை. சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடைக்கு ஓடுகிறவர்களால்தான் சென்சார் வியாபாரம் செழிக்கிறது.

ஒரு பச்சை ஒயர்

ஈஜிபுராவில் எங்கள் தெருக்காரர் ஒருவரின் காரில் விடிகாலையில் சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுழலும். மைலேஜ் குறைந்துவிட்டது, சைலன்சரில் பெட்ரோல் வாடை. குறியீடு பி0118. ஒரு பட்டறையில் சென்சாரை மாற்றினார்கள். இரண்டு நாளில் பழைய கதை. அல்சூர் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்.

"அண்ணா, இந்த முறை கம்பெனி சென்சாரே வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார் நண்பர்.

"போட்ட சென்சார் என்ன பாவம் செய்தது சார்? கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அவர்.

கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார்; பளிச்சென்று இருந்தது. பிறகு ஒவ்வோர் ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து, கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரம் வரை மெல்ல இழுத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் ஒயர் ரப்பர் பட்டையைப் போல நீண்டது. மேலுறை கீறல்கூட இல்லாமல் இருந்தது. பிளேடால் வகிர்ந்தபோது உள்ளே செம்புக்குப் பதிலாகப் பச்சைப் பொடி. முன்னொரு காலத்தில் யாரோ சோதனை ஊசியால் அந்த உறையைக் குத்திப் பார்த்திருக்கிறார்கள்; அந்தத் துளை வழியாக இறங்கிய ஈரம் செம்பைத் தின்றுவிட்டது. இரண்டு அங்குலம் வெட்டி, புது ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் உறை மாட்டினார். விசிறி அடங்கியது.

அந்த விசிறி சுழன்றதிலும் ஒரு நியாயம் உண்டு. சென்சாரை நம்ப முடியாதபோது பல இசியூக்கள் தற்காப்பாக விசிறியை நிற்காமல் ஓடவிட்டுவிடும். குளிர்ந்த எஞ்சினில் விசிறி இரைந்தால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சுற்றைப் பாருங்கள். பெட்ரோல் வாடையும் அதே கதைதான்: எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பும் இசியூ பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும்.

கழற்றிப் பார், சேர்த்துப் பார்

பிழை சென்சாரிலா ஒயரிலா என்று பிரிக்கும் சோதனை இரண்டு நிமிட வேலை. எஞ்சின் அணைந்து ஆறியிருக்க, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்கேனர் மைனஸ் 40க்குப் போக வேண்டும். அடுத்து, கனெக்டரின் இரண்டு துளைகளையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். இப்போது எண் 130க்கு மேல் எகிற வேண்டும். இரண்டு பதிலும் சரியாக வந்தால் ஒயரும் இசியூவும் நல்லவர்கள்; குற்றவாளி சென்சார். கழற்றினாலும் சேர்த்தாலும் எண் அசையவில்லை என்றால் ஒயரைத் தேடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தச் சோதனை கனெக்டரில் இரண்டு மின்முனைகள் உள்ள சென்சாருக்கு மட்டும். மூன்று முனை இருந்தால் கையேட்டைப் பார்க்காமல் எதையும் எதோடும் சேர்க்காதீர்கள். 12 வோல்ட்டை இந்த ஒயர்களில் காட்டவே கூடாது, இசியூ போய்விடும். மேலும் சில இசியூக்கள் சுற்று அறுந்தது தெரிந்ததும் தாமாகவே ஒரு கற்பனை எண்ணை, 80 டிகிரி போல, வைத்துக்கொண்டு சமாளிக்கும். அத்தகைய வண்டியில் ஸ்கேனர் எண்ணைவிட மல்டிமீட்டர் நம்பகமானது: கழற்றிய கனெக்டரின் இரு முனைகளுக்கிடையே 5 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

சென்சாரையே கழற்றிச் சோதிக்க அடுப்படி போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், சமையல் வெப்பமானி, மல்டிமீட்டர். சென்சாரின் முனை மட்டும் மூழ்கும்படி நூலில் தொங்கவிட்டு, தண்ணீர் சூடேறும்போது ஓம் அளவைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. இதில் பெங்களூர்க்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று: நாம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே, 100 டிகிரிதானே என்று நினைத்துக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல சென்சார் மீதும் பழி விழும். காருக்குள் இந்தக் கவலை இல்லை. மூடி தாங்கும் அழுத்தமும் கூலன்டும் சேர்ந்து கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். அந்த மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓம் அளவு சீராக இறங்கினால் சென்சார் நன்றாக இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் அறுந்து அறுந்து வந்தாலோ, அசையாமல் நின்றாலோ தூக்கிப் போடுங்கள்.

அகச்சிவப்பு வெப்பமானியைக் கொண்டு எஞ்சினை நேரடியாக அளக்கலாம் என்பார்கள். அளக்கலாம்தான், ஆனால் பளபளக்கும் அலுமினியத்தைக் குறிவைத்தால் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் கூட்டின் மீது கறுப்பு டேப் ஒன்றை ஒட்டி அதைக் குறிவையுங்கள்.

பழைய வண்டி என்றால்

ஒற்றை ஒயர் வெப்பமானியில் ஸ்கேனருக்கு வேலை இல்லை. சாவியை ஆன் செய்து சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் 'சி'யில் விழ வேண்டும். அந்த ஒயரை எஞ்சின் உலோகத்தில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் 'எச்' பக்கம் ஏற வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் இப்படித்தான். ஏறியதும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் வெப்பமானி கருகும். முள் இரண்டுக்கும் பணிந்தால் சென்சார் பழுது. பணியாவிட்டால் ஒயர், ஃபியூஸ், வெப்பமானி.

இந்தச் சென்சார்கள் எர்த்தைத் தங்கள் திருகு வழியாகத்தான் எடுக்கின்றன. கசிவைத் தடுக்க டெஃப்ளான் டேப்பைத் திருகின் மறைமேல் நிறையச் சுற்றிவிட்டால் எர்த் அறுந்து முள் செத்துவிடும். புதுச் சென்சார் போட்டும் முள் அசையவில்லை என்றால் முதலில் இந்த டேப்பைச் சந்தேகியுங்கள். இன்னொன்று: வெப்பமானி முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே உயரமாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவாக மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு பெட்டி மீட்டர் போர்டின் பின்னால் பழுதாகியிருக்கும். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் பொய் சொன்னால், குற்றம் அவை சேரும் இடத்தில்.

சென்சார் மேல் விழும் வீண் பழி

முள் எப்போதும் நடுவுக்குக் கீழேயே நிற்கிறது என்றால் பலர் சென்சாரை மாற்றுகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. இதைப் பிரித்தறிய இந்த ஊரில் நல்ல சோதனைச்சாலை இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது ஸ்கேனர் 90 என்று காட்டி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சிக்னல் இல்லாமல் ஓடியதும் 70க்கு மெதுவாக இறங்கிவிட்டால், எதிர்க்காற்று எஞ்சினைக் குளிர வைக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய தெர்மோஸ்டாட் மூடவில்லை. எண் மெதுவாக இறங்குகிறது என்பதால் அது மெய்யான வெப்பநிலை. எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 குறியீடும் கூடவே வந்தால் தெர்மோஸ்டாட் மீதான சந்தேகம் வலுக்கும்.

எதிர்த் திசையில், ஊரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் முள் மெதுவாக ஏறி, ஏற்றம் முடிந்ததும் மெதுவாக இறங்கினால் அதுவும் மெய். அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், கசியும் ஹெட் கேஸ்கட் என்று தேட வேண்டும். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிய வண்டிகளில் உப்பு படிந்து குழாய்கள் அடைபடும். சென்சார் முனையிலும் வெள்ளைப் படிவம் உறைந்து அதன் உணர்வை மந்தமாக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய சென்சாரை ஜே.சி. ரோடு கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். கார் பெயரைச் சொல்லி வாங்காமல், கனெக்டரின் வடிவம், மறையின் அளவு, முனைகளின் எண்ணிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாங்கும் முன் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து அறை வெப்பநிலைக்கு ஏற்ற ஓம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

ஆறிய எஞ்சினில் பழையதைக் கழற்றி, புதியதை உடனே பொருத்தினால் கொஞ்சம் கூலன்ட்தான் வீணாகும். சென்சாரைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம் புதியதாக இருக்கட்டும். அலுமினியத்தில் திருகும் பித்தளை என்பதால் பலம் காட்டாதீர்கள், மறை கிழிந்துவிடும். குறைந்த அளவைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பாமல், கையேடு சொல்லும் கூலன்டைக் கனிமநீக்கிய தண்ணீரோடு சரியான விகிதத்தில் கலந்து நிரப்புங்கள். உள்ளே காற்று தங்கினால் புதுச் சென்சாரும் காற்றில்தான் தொங்கும்; ஆகவே மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினை இயக்கி, குமிழிகள் அடங்கும்வரை நிரப்பிக்கொண்டே இருந்து, பொங்கி வருவதற்குள் மூடுங்கள். காற்று வெளியேற்றத் தனித் திருகு உள்ள வண்டிகளில் அதைப் பயன்படுத்துங்கள். பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்துவிட்டு, மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் கூலன்ட் அளவை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும்; ஊற்றிக்கொள்ளலாம்.

ஸ்கேனர் சொல்லும் எண் சரி, விசிறி சரி, எர்த் சரி, முள்ளுக்கென்று தனிச் சென்சாரும் இல்லை, ஆனாலும் முள் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது என்றால் மிச்சமிருப்பது மீட்டர் போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டி மோட்டார்தான். புது மீட்டர் போர்டின் விலை மலைக்க வைக்கும். அதை மட்டுமே பழுது பார்க்கிறவர்கள் நகரில் இருக்கிறார்கள், அவர்களிடம் மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் ஓடிய கிலோமீட்டர் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஸ்கேனரைச் சாக்கெட்டிலேயே விட்டுவைத்து, கைபேசித் திரையில் வரும் எண்ணைப் பார்த்து ஓட்டலாம்.